கூரையில் முட்டிய செங்கோடன்

செங்கோடனின் உடம்பில் எடை இல்லாமல் போய்விட்டது என்பது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளிப்பாட்டுவதற்காக அவனைக் கட்டிலிலிருந்து தூக்கியபோதுதான் மனைவி பாவாயிக்குத் தெரிந்தது. தினமும் தூக்குகிற மாதிரியே முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். காய்ந்த வேட்டியைக் கொடியிலிருந்து உருவியதுபோல அவன் கையோடு வந்துவிட, தடுமாறிப் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். அவள் கை விட்டதும் செங்கோடன் கீழே விழவில்லை. குடத்துக்குள் விட்ட கொட்டாங்குச்சி மெல்ல மேலே வருவதுபோல எழும்பிப் போய், சிமென்ட் சீட்டுக் கூரையில் முதுகு முட்டி நின்றான்.

"பாவாயி, என்ன புள்ள பண்ணுன?" என்றான்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மாமா" என்றாள் பாவாயி. முக்காலியைப் போட்டு ஏறி, வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, குளிப்பாட்டி, துவட்டி, கட்டிலோடு ஒரு பழைய சேலையால் அவனைக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குக் கோழிப்பண்ணைக்கு முட்டை ஏற்ற வண்டி வந்திருந்தது. தாமதமானால் பண்ணைக்காரர் சத்தம் போடுவார்.

ஆவாரங்காட்டுப் புதூரில் பாதி ஆண்கள் லாரி ஓட்டினார்கள், பாதிப் பெண்கள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினார்கள். செங்கோடனும் வட தேசமெல்லாம் லாரி ஓட்டியவன்தான். மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி உருண்டு, உயிர் மட்டும் தப்பி வந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வில்லை. கை இரண்டும் நன்றாக இருந்தன, வாயும் நன்றாக இருந்தது. ஆனாலும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, சோறு என்றால் வாயைத் திறந்து, தண்ணீர் என்றால் வாயைத் திறந்து, மற்ற நேரமெல்லாம் மூடியே வைத்திருந்தான். பாவாயி விடியலில் எழுந்து அவனைத் துடைத்து, சமைத்து, பண்ணைக்கு ஓடி, மத்தியானம் ஓடி வந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, மறுபடியும் ஓடி, பொழுது சாய வந்து முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, இப்படியே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் இந்த எடை போனது.

பட்ட கஷ்டம் போதாதென்று இது வேறு வந்து சேர்ந்ததே என்றுதான் அவள் நினைத்தாள். மகள் கனகாவைக் காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்து இன்னும் ஒரு தீபாவளிகூடக் கழியவில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள், பெண்ணுக்கும் பறக்கிற வியாதி வருமோ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கலங்கி, ஜன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், சீட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில்கூடப் பழந்துணியைத் திணித்தாள். ஒரு சேலை போதாமல் இரண்டு சேலை கட்டினாள், இரண்டும் நெகிழவே பரண்மேல் கிடந்த லாரிக் கயிற்றை எடுத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் தொடையிலும் சுற்றி, கட்டிலோடு இறுக்கினாள். மேசை விசிறியைப் போட்டால் கட்டிலே லேசாக நகர்ந்து மூலைக்குப் போனது. அதனால் விசிறியையும் நிறுத்தினாள்.

சேதி எப்படியும் வெளியே போகத்தான் செய்தது. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நேரம், பாவாயி கயிறு மாற்றுவதற்காகச் செங்கோடனை அவிழ்த்து விட்டிருந்தாள். வந்தவன் அண்ணாந்து பார்த்தான். "அண்ணனுக்கு இப்பத் தேவலைங்களா?" என்று கேட்டான். "சிலிண்டர எங்கீங்க வெக்கறது?" என்று அடுத்ததாகக் கேட்டான். வெளியே போய் டீக்கடையில் சொன்னான்.

அன்று சாயங்காலமே வீதி முழுக்க வந்துவிட்டது. வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலையைக் குனிந்து வாசலைத் தாண்டி, உள்ளே வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். டீக்கடை அங்கப்பன், எடை என்பது காணாமல் போகிற பொருள் இல்லை என்றும், இங்கே குறைந்தால் வேறெங்கோ கூடியிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ராமாயியை ஒரு பார்வை பார்த்தான். கொஞ்ச நாளாக உடம்பு பெருத்திருந்த ராமாயிக்குக் கோபம் வந்து, "என்ற ஒடம்பு என்ற சோத்துல வந்துதுங்க. அடுத்தவன்ற எடையத் தின்னு வரல" என்று சொல்லிவிட்டுப் போனவள் ரெண்டு நாள் பேசாமல் இருந்தாள். பூசாரி செப்புத் தகட்டில் மந்திரம் எழுதிக் கட்டினார், தகடும் அவனோடு சேர்ந்து மேலே போனது. சந்தைக்குக் காய் கொண்டுபோகிற வண்டியில் படுக்க வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டி, பாவாயி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் எடை மெஷினில் அவனை அழுத்திப் பிடித்துப் பார்த்து, கையை எடுத்துப் பார்த்து, "சத்து ரொம்பக் கொறஞ்சிருக்கும்மா" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பாவாயியின் அண்ணன் குழந்தைவேல் வந்து பார்த்துவிட்டு, "மாத்திரையில என்ன இரும்பு இருக்கப்போவுது?" என்று சொல்லி, புழக்கடையில் கிடந்த ஆட்டுக்கல்லை உருட்டி வந்து, செங்கோடனின் இடுப்புக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினான். "இனி எங்கியும் போவ மாட்டாரு. நீ நிம்மதியா வேலைக்குப் போ" என்றான்.

அண்ணன் போன பிறகு செங்கோடன், வெகு நாளைக்குப் பிறகு தானாகவே வாயைத் திறந்தான்.

"கட்ட அவுத்துட்டுக் கதவத் தொறந்து உட்டுரு பாவாயி. நான் பாட்டுக்குப் போயர்றன்."

"எங்க போவீங்க?"

"எங்கியோ போறன். எம்பாரம் ஒனக்கு எதுக்கு?"

"உங்களுக்குத்தான் பாரமே இல்லியே" என்று சொன்னவளுக்கு, சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்து, கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றினாள்.

வைகாசி வெயில் சீட்டுக் கூரையைச் சுட்டெடுத்தது. விசிறியும் இல்லாமல், காற்றும் இல்லாமல், ஆட்டுக்கல்லோடு கிடந்த செங்கோடன் சோற்றையும் குறைத்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்கு விடுமுறை கிடைத்த அன்று, அவனை நன்றாகக் குளிப்பாட்ட வேண்டும் என்று கயிற்றையெல்லாம் அவிழ்த்து, வேட்டி நுனியைக் கால் கட்டைவிரலில் மிதித்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் மிதந்தவனை ஒரு கையால் புரட்டினாள். கயிறு கட்டிய நாளிலிருந்து அவள் கண்ணால் பார்க்காமல், மருந்துத் துணியை மட்டும் உள்ளே விட்டுத் தடவி வந்த முதுகு மேலே வந்தது. மருந்துத் துணியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

புண் ஆறியிருந்தது. லாரி விழுந்த நாளிலிருந்து எந்த மருந்துக்கும் கேட்காமல், ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்து, அவள் தூக்கத்தில்கூட நாறிக்கொண்டிருந்த படுக்கைப் புண், உள்ளங்கை அகலத்துக்கு இருந்த இடத்தில், மாந்தளிர் நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். இன்னும் கீழே பார்த்தாள், இடுப்பிலும் ஆறியிருந்தது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது வேறு இடங்களில்: நெஞ்சைச் சுற்றி ஒரு கோடு, இடுப்பைச் சுற்றி ஒரு கோடு, தொடையில் இரண்டு கோடு. எல்லாம் அவள் கட்டிய கயிறு பட்ட இடம்.

பாவாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேட்டி நுனி மட்டும் கால் விரலடியில் இருந்தது. அவனுக்கு வந்ததை வியாதி என்று ஊர் சொன்னது, அவளும் சொன்னாள். வந்த நாளிலிருந்து அது அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவனைப் புரட்ட இப்போது ஒரு கை போதும் என்பதும், தன் இடுப்பு வலி நின்று எத்தனையோ நாளாகிவிட்டது என்பதும்கூட அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது போய்த் தொலைய வேண்டும், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தவித்த தவிப்பில், இது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

எழுந்தாள். அவனுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாள். கயிறு பட்ட இடத்துக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினாள், பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டாள், தலை சீவிவிட்டாள். ஜன்னலைத் திறந்தாள், சந்தில் திணித்த துணியைப் பிடுங்கி எறிந்தாள், கதவை விரியத் திறந்தாள்.

"என்ன புள்ள பண்றே?" என்றான் செங்கோடன், பயந்துபோய்.

"வெளிய போலாம்."

"யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டும். பொறந்ததிலிருந்து பாத்துட்டுத்தான இருக்கறாங்க?"

ஒரு பழைய மெத்தையுறையை நாலாக மடித்து அவன் இடுப்பில் சுற்றி, அதற்கு மேலே கயிற்றைப் போட்டு முடிச்சுப் போட்டாள். அவன் குனிந்து பார்த்தான். முகம் சுளித்தான்.

"இந்த முடிச்சு நிக்காது."

"ஏன் நிக்காது?"

"இது சேலைக்குப் போடற முடிச்சு. லோடு கட்டறதுன்னா வேற. கயித்த இப்படி மடக்கு... அதுக்குள்ளார உடு... இப்ப இழு. அட, அந்தப் பக்கமில்ல புள்ள, இந்தப் பக்கம்!" என்று சொல்லிக்கொண்டே, பொறுக்க முடியாமல் அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கித் தானே முடிந்துகொண்டான். இமயமலை வரைக்கும் சரக்குக் கட்டிப்போன கை. முடிச்சு கல்லுபோல உட்கார்ந்தது.

பாவாயி கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கினாள். அவளுக்கு மேலே, ஓட்டு வீடுகளின் முகட்டுக்கும் மேலே, வெள்ளைச் சட்டை போட்ட செங்கோடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தான். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ராமாயி நிமிர்ந்தாள்.

"ஏனக்கா, அண்ணன எங்கீங்க கூட்டீட்டுப் போறீங்க?"

"சும்மா காத்தாட."

"அதுஞ்செரிதான், வூட்டுக்குள்ள வேகுது" என்றாள் ராமாயி, மறுபடி பாத்திரத்தைத் துலக்கினாள்.

பஸ் நிறுத்தம் வந்தபோது செங்கோடன் கண்ணைத் திறந்திருந்தான். பாவாயிக்கு அது தெரியாது. மேலேயிருந்து ஒரு சத்தமும் வராமல் போகவே அண்ணாந்து பார்த்தாள். அவன் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். மக்காச்சோளக் காட்டுக்கும் பண்ணைக் கொட்டகைகளுக்கும் அப்பால் பைபாஸ் சாலையில் லாரிகள் எறும்புச் சாரைபோலப் போய்க்கொண்டிருந்தன.

"தார்ப்பாய் கட்டியிருக்கறது மஞ்சள் லோடு" என்றான் அவன். "அதுக்குப் பின்னால போறது முட்டை வண்டி. ஓட்றவன் நல்ல டிரைவரு பாவாயி. குலுங்காமப் போறான்." அந்த வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "நான் ஒரு கட்டிலுக்கடியில கெடந்த மாதிரி இருந்துட்டன்" என்றான்.

அன்றிலிருந்து பாவாயி அவனை வீட்டுக்குள் வைக்கவில்லை. காலையில் வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போவாள். மத்தியானம் ஓடி வர வேண்டிய வேலை இல்லை. தூக்குப்போசியில் சோறு போட்டு ஒரு சுருக்குக் கயிற்றில் மாட்டி வைத்துவிட்டால், பசித்தபோது அவனே இழுத்துச் சாப்பிட்டுக்கொண்டான். வெயில் ஏறினால் குடையை விரித்துக்கொண்டான். ஆட்டுக்கல் பழையபடி புழக்கடைக்குப் போனது. பாவாயி அதில் மாவாட்டி, பல மாதங்களுக்குப் பிறகு தோசை சுட்டாள்.

ஊரும் அவனுக்குப் பழகிக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மேலே பார்த்து, "அண்ணா, வருதுங்களா?" என்று கேட்டார்கள். "பாலம் தாண்டிருச்சு, செருப்பப் போட்டுட்டு நில்லு" என்று பதில் வந்தது. எருமை காணாமல் போனவர்கள், ஆட்டைத் தேடுகிறவர்கள், வாய்க்காலில் தண்ணீர் எந்த மடை வரைக்கும் வந்திருக்கிறது என்று அறிய வேண்டியவர்கள், குடித்துவிட்டு எந்தக் காட்டில் புருஷன் விழுந்து கிடக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். வந்தவர்கள் கத்திரிக்காயோ, ஒரு சொம்பு மோரோ, ரெண்டு முட்டையோ கொண்டு வந்தார்கள். பண்ணைக்காரர் தீவன மூட்டைகளை நாய் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாரத்தில் சில நாள் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் அவனைக் கட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தார், அதற்குக் கூலியும் கொடுத்தார். காக்கைகள் முதலில் கத்தின, பிறகு சோற்றுக்குப் பழகி அவன் தோளில் உட்கார்ந்தன. அவன் கால்கள் மட்டும் முன்புபோலவே இருந்தன. காற்றில் துணிபோல ஆடின. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, யாரும் கேட்கவில்லை.

காங்கேயத்துச் சம்பந்திகள் கேள்விப்பட்டு ஒரு நாள் கார் பிடித்து வந்தார்கள். பாவாயி அவர்களை நேரே மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். சம்பந்தி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லா இருக்கறீங்களா சம்பந்தி?"

"நல்லா இருக்கறனுங். காலையில கொஞ்சம் குளுருதுங்."

"அதாங்க நம்ம வூட்ல கம்பளி கொண்டாந்திருக்கறாங்க" என்றார் சம்பந்தி. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, காங்கேயம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியோடு காற்றும் வந்தது. மேற்கேயிருந்து கிளம்பி, புழுதியை வாரிக்கொண்டு, பண்ணைத் தகரங்களைத் தட்டிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிற காற்று. கம்பளியைப் போர்த்தி உள்ளேயே இருங்கள் என்று பாவாயி சொன்னாள். பைபாஸில் வண்டியெல்லாம் எப்படித் திணறுகிறது பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னான். அன்று வேப்பமரம் முழுக்கச் செவ்வெறும்பு ஏறியிருந்ததால், வேலைக்குப் போகிற அவசரத்தில், அவள் கயிற்றைப் பக்கத்து முருங்கையில் கட்டினாள்.

அவள் வீதி முனைக்குப் போவதற்குள் முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது செங்கோடன் மரங்களுக்கு மேலே போயிருந்தான். முறிந்த கிளை கயிற்று நுனியில் தொங்கி, வேலியைத் தட்டி, தரையைத் தேய்த்துக்கொண்டு கிழக்கே ஓடிற்று. பாவாயி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். மக்காச்சோளக் காட்டுக்குள் கிளை சிக்கி ஒரு கணம் நிற்க, பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். அடுத்த வீச்சில் காற்று இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது. அவள் கால் ஒரு சமயம் தரையில் பட்டது, ஒரு சமயம் படவில்லை. தலைக்கு மேலே வளர்ந்த சோளத் தட்டு முகத்தில் அறைந்தது. எதிரே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செங்கோடனுக்குத் தெரிந்தது.

"கயித்த உட்ரு பாவாயி!" என்று மேலேயிருந்து கத்தினான். "முன்னால கெணறு இருக்குது! செவுரு இல்லாத கெணறு!"

"உட மாட்டன்!"

"அப்ப நானே முடிச்ச அவுத்துருவன்!"

"அவுத்துப் பாருங்க! அவுத்தீங்கன்னா அந்தக் கெணத்துலயே குதிச்சுருவன்!"

அண்ணாந்தவள் அவன் கை முடிச்சின் மேல் இருப்பதைப் பார்த்தாள். அந்தக் கைக்கு அந்த முடிச்சு ஒரு இழுப்பு. போய்விடுகிறேன் என்று சொன்ன மனுசன்தான், கதவைத் திற என்று கேட்ட மனுசன்தான். பாவாயி கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை மணிக்கட்டில் சுற்றினாள்.

"அப்ப எடது ஒடி!" என்றது, லாரியைத் திருப்பச் சொல்லுகிற குரல். "எடது... இன்னும் எடது... அட, நல்லா ஒடி புள்ள! தட்டுக்குள்ளயே வா... வரட்டும், வரட்டும், வரட்டும்... இப்ப வலது லேசா... கெணறு தாண்டிருச்சு. முன்னால வரப்பு இருக்குது, கால மடக்கி ஊனு!"

அவள் ஒடித்தாள், வந்தாள், வரப்பில் காலை ஊன்றிச் சாய்ந்தாள். அதற்குள் வீதியே ஓடி வந்திருந்தது. ராமாயி பாவாயியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள், அவளுடைய எடை அன்றைக்கு ஊருக்கே உதவியது. அங்கப்பன் பாவாயிக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பண்ணைப் பெண்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்த டிரைவர், அண்ணன் குழந்தைவேல் என்று ஒருவர் பின்னால் ஒருவராகப் பிடிக்க, மேலேயிருந்து செங்கோடன், "எல்லாரும் ஒண்ணா இழுக்காதீங்கப்பா, ஒராளு புடிக்கோணும், ஒராளு இழுக்கோணும்" என்று சொல்லிக்கொடுக்க, கடைசியில் அவனைத் தரைக்குக் கொண்டு வந்தார்கள். பாவாயி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். அவன் பதிலுக்குத் திட்டினான். செவ்வெறும்புக்குச் சாம்பல் போட்டிருக்கலாமே என்றான். முருங்கையில் யாராவது ஆளைக் கட்டுவார்களா என்றான். லாரி விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சண்டைகூட நடந்ததில்லை என்று ராமாயிக்குத் தெரியும். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்த வீதியில் எல்லார் உள்ளங்கையிலும் கயிற்றுத் தழும்பு இருந்தது. அம்மி அரைக்க முடியாமல், வாளி தூக்க முடியாமல், டீ டம்ளரைக்கூட விரல் நுனியால் பிடித்தபடி, யாருடைய தழும்பு பெரிது என்று டீக்கடையில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று இன்னும் அடங்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் உள்ள இருங்க மாமா" என்றாள் பாவாயி.

"பழைய லாரி சேசிஸ்ல, அந்த இரும்புச் சட்டத்துல கட்டு. அங்கப்பன் கடைக்குப் பின்னால ஒண்ணு கெடக்குது" என்றான் செங்கோடன். "கயிறு கொஞ்சம் நீளமா உடு."

அவள் துணி சுற்றிய கையோடு அவனைக் கூட்டிப்போனாள். முடிச்சை அவளே போட்டாள், அவன் குனிந்து பார்த்துத் தலையாட்டினான். கயிற்றைப் பிடிபிடியாக விட்டாள். அவன் டீக்கடைக்கு மேலே, மின்கம்பிக்கு எட்டாத பக்கமாக, முன்பு போனதையெல்லாம்விட உயரத்துக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான். பாவாயி பண்ணைக்குக் கிளம்பினாள். நாலு எட்டு வைப்பாள், அண்ணாந்து பார்ப்பாள். மறுபடி நாலு எட்டு வைப்பாள், மறுபடி அண்ணாந்து பார்ப்பாள்.

"பாவாயி!" என்று வானத்திலிருந்து குரல் வந்தது. வீதியில் எல்லாரும் நின்றார்கள். "என்னையவே பாத்துட்டு நடக்காத புள்ள. முன்னால பாரு, சாணி கெடக்குது!"